டல்சி நங்கலா ஆஜராகவில்லை

எங்கள் ஊரில் நீதிமன்றம் என்பது ஒரு தொலைபேசி. கவுன்சில் ஆபீஸின் பின்னறையில், ஓடாத ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. நீதிபதி வடக்கே கடலோரத்தில் குளுகுளு அறையில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் இங்கே செம்மண்ணுக்கு நடுவில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அவர் குரலைக் கேட்போம். லைன் போட்டுக் கொடுப்பது, தாள்களை வாங்கி அனுப்புவது, வழக்குக்காரர்களுக்குத் தேதி சொல்வது எல்லாம் என் வேலை. என் பெயர் கோரல் நுங்கராயி. யாருடைய கட்சிக்காகவும் வாய் திறக்கக்கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லிவிட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று ஊருக்கே தெரியும்.

டல்சி நங்கலா எனக்கு அண்ணி முறை. அவள் புருஷன் எனக்கு அண்ணன் முறை. அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். செத்தவர் பெயரை எங்களில் யாரும் சொல்வதில்லை, குமஞ்சாயி என்போம். அதே பெயர் கொண்ட ஆள் ஊரில் உயிரோடு இருந்தால் அவனும் அன்றிலிருந்து குமஞ்சாயிதான்.

குமஞ்சாயி இருந்த காலத்தில் அவர் பேச்சுக்கு முன்னால் ரேடியோ தோற்கும். பாறை இடுக்கில் இருக்கும் பெரிய சுனை அவருடைய அப்பா வழி இடம். அங்கே புது ஆள் வந்தால் கொஞ்சம் தள்ளி நின்று குரல் கொடுக்க வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும். இறந்துபோன தாத்தாமார் கேட்பார்கள். பெயர் சொல்லாமல் தண்ணீரைத் தொட்டவன் திருடன். சுற்றுலா நடத்தும் கம்பெனி இதைத் தெரிந்துகொண்டு அவரையே பேசச் சொல்லிப் பதிவு செய்தது. சுனைக்குப் போகும் வழியில் ஒரு இரும்புக் கம்பம், அதில் ஒரு பச்சைப் பொத்தான், மேலே சூரியத் தகடு. பொத்தானை அழுத்தினால் அண்ணன் எங்கள் பாஷையில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம் கூப்பிடுவார். “யாரு அது? மெதுவா வாங்க. நான்தான்” என்று தன் பெயரைச் சொல்லுவார். பிறகு, “நீங்க யாரு? பேரைச் சொல்லுங்க, தாத்தாமார் கேக்கட்டும்” என்பார். அவருக்கு ஒரே பெருமை. “நான் குறட்டை விடும்போதுகூட அங்க வேலை பாத்துக்கிட்டு இருக்கேன் பாரு, நீங்கள்லாம் சோம்பேறிங்க” என்று எங்களைக் கேலி செய்வார்.

ஒரு கோடையில், கங்காரு வாலைத் தணலில் புரட்டிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். எங்கள் வழக்கப்படி எல்லாம் செய்தோம். வீட்டுக்குப் புகை போட்டோம். முற்றத்தில் அவர் கால் தடத்தைத் தழையால் பெருக்கினோம். படங்களைத் திருப்பி வைத்தோம், துணிகளைத் தூரத்துச் சொந்தத்துக்குக் கொடுத்தனுப்பினோம். செத்தவர் திரும்பிப் பார்த்தால் பிடித்து நிற்க ஒரு துரும்புகூட இருக்கக்கூடாது. ஆனால் கம்பம் அப்படியே நின்றது.

அண்ணி தலையில் வெள்ளை மண் பூசிக்கொண்டு விதவைகள் முகாமுக்குப் போனாள். அன்றோடு பேச்சை நிறுத்தினாள். புருஷனை இழந்தவள் பேசினால் அவர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நின்றுவிடுவார். அதனால் எல்லாம் கைச் சைகைதான். எங்கள் பெண்கள் கையாலேயே சமையல் சொல்லுவார்கள், வம்பு பேசுவார்கள். டல்சி அண்ணி கையால் திட்டினால் வாயால் திட்டுவதைவிட உறைக்கும். நான் டீயில் சர்க்கரை குறைத்துப் போட்டுக் கொடுத்த ஒரு நாள் அவள் விரல்கள் சொன்னதை எழுதினால் என் வேலை போய்விடும்.

இந்த மௌனத்துக்கு முடிவு உண்டு. புருஷனின் தம்பி முறைக்காரர் வந்து, உணவைத் தொட்டு அவள் உதட்டில் வைத்து, வாயைத் திறந்துவிட வேண்டும். சின்னவர் வந்தார். முகாமில் உட்கார்ந்து, தணலில் சுட்ட டேம்பர் ரொட்டியைப் பிய்த்தார். அந்த நேரம் பார்த்து, காற்று சுனைப் பக்கமிருந்து வீசியது. யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். “யாரு அது? மெதுவா வாங்க” என்று அண்ணன் குரல் தெளிவாக வந்தது. நாய்கள் எல்லாம் எழுந்து நின்று வாலை ஆட்டின. சின்னவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஆளு இன்னும் போகவே இல்லையே அண்ணி. எப்படி நான் வாயைத் திறந்துவிடறது? அந்தக் குரல் நிக்கட்டும், வர்றேன்.”

முடிச்சு இப்படித்தான் விழுந்தது. கம்பம் ஓயும்வரை டல்சி பேச முடியாது.

கம்பெனி மேனேஜர் பான்ஃபீல்டிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

“கோரல், அவரு எனக்கும் சிநேகிதர்தான். அந்தக் குரலைக் கேக்கத்தான் ஜனங்க அவ்வளவு தூரம் வர்றாங்க. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரு, இல்லையா? நான் என்ன பண்றது?”

“கையெழுத்துப் போட்ட கை மண்ணுக்குள்ள இருக்கு. பொத்தானைப் பிடுங்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். நான் தரவா?”

அவர் சிரித்தார். எனக்கு அந்தக் கம்பத்தோடு சேர்த்து அவரையும் பிடுங்கலாம் என்றிருந்தது.

ஏழைகளுக்கான இலவச வக்கீல் ஒருவர் அப்போது மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தார். அவர் டல்சி பெயரில் வழக்குப் போட்டார்: குரலை நிறுத்த வேண்டும், பதிவைக் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும். போட்ட கையோடு அவர் ஆபீஸை மூடிவிட்டார்கள், வக்கீலும் தெற்கே போய்விட்டார். அதன்பின் டல்சி நங்கலாவுக்கு டல்சி நங்கலாதான் வக்கீல். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்தும் திறக்கக்கூடாதவள் என்ன செய்வாள்?

முதல் விசாரணை. பின்னறையில் போனுக்கு எதிரே அண்ணி உட்கார்ந்தாள், புதிதாக வெள்ளை பூசிக்கொண்டு. நான் லைனைப் போட்டேன்.

“வாதி இருக்காங்களா?” என்றார் நீதிபதி. கெட்ட மனுஷர் இல்லை, பொறுமையான குரல்.

அண்ணி கையைத் தூக்கி, இருக்கிறேன் என்றாள்.

“ஹலோ? வாதி?”

அவள் மறுபடி கையைத் தூக்கினாள், இன்னும் உயரமாக.

“ஐயா, அவங்க இங்கதான் இருக்காங்க. துக்கத்துல இருக்காங்க, பேசக்கூடாது. கையால சொல்றாங்க” என்றேன் நான்.

“மிஸ் நுங்கராயி, நீங்க நீதிமன்றத்து ஊழியர். ஒரு தரப்புக்காக நீங்க பேச முடியாது. அவங்களே சொல்லட்டும். அடுத்த தடவை மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு பண்றேன்.”

அடுத்த தடவை மொழிபெயர்ப்பாளர் வந்தாள், அவளும் போனில்தான். ஆலிஸ் டவுனிலிருந்து பேசினாள், எங்கள் பாஷைக்காரப் பெண். “அத்தை, சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல சொல்றேன்” என்றாள். அண்ணி இரண்டு கையாலும் வெகுநேரம் சொன்னாள்: புருஷன் நின்றுகொண்டிருப்பதை, நாய்கள் வால் ஆட்டுவதை, தனக்கு அவர் மேல் எவ்வளவு ஆசை என்பதை, அதனாலேயே அவர் போகவேண்டும் என்பதை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் கரகர என்ற சத்தம் மட்டும்தான்.

“ஐயா, அவங்க கையில பேசறாங்க போல. கையை நான் காதால எப்படிக் கேக்கறது?” என்றாள் அந்தப் பெண்.

கம்பெனி வக்கீல் லேசாகக் கனைத்தார். “மௌனம் சம்மதம்னு எடுத்துக்கலாமா, யுவர் ஆனர்?”

சிரித்தது யார் என்று தெரியவில்லை. நீதிபதி சிரிக்கவில்லை. எழுத்துமூலமாகப் பிரமாணம் கொடுக்கட்டும் என்று இன்னொரு வழி காட்டினார். அண்ணி சைகை செய்ய நான் எழுதினேன். அது திரும்பி வந்தது. பிரமாணத்தை வாயால் சொல்லி உறுதி செய்யவில்லையாம். பேச முடியாதவருக்கு வேறு வழி உண்டாம், டாக்டர் தாள் வேண்டும். பேசக்கூடாதவருக்கு வழி எதுவும் சட்டத்தில் எழுதவில்லை. அடுத்த தேதியிலும் வழக்கை நடத்தாவிட்டால் தள்ளுபடி என்று அந்தக் கடிதத்திலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் முகாமுக்குப் போய் அவள் முன்னால் மண்டியிட்டுவிட்டேன்.

“ஒரே ஒரு வார்த்தை அண்ணி. ‘இருக்கேன்’னு சொல்லு, போதும். அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரு.”

அவள் என் கன்னத்தைத் தொட்டாள். பிறகு விரலால் தன் காதைத் தொட்டு, சுனைப் பக்கம் காட்டினாள். கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள்.

அப்போது சுற்றுலா முடிந்து பஸ் எல்லாம் போயிருந்தது. வெயிலில் பழுதாகிக் கம்பம் தானாகவே பேசுகிறது என்று சிலர் சொன்னார்கள். யாரும் அழுத்தாமல் பேசுவதை நானும் கேட்டேன். கங்காருக்கள் அந்தச் சுனைக்கு வருவதை விட்டுவிட்டன, பறவைகள் மட்டும் வந்தன. ஊரில் பிள்ளைகள் அந்தத் திசையில் தலை வைத்துத் தூங்க மாட்டோம் என்றன.

மூன்றாவது விசாரணை. அண்ணி அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். நீதிபதி கேட்டார், அவள் கையைத் தூக்கினாள், அவர் மறுபடி கேட்டார்.

“சரி. மிஸ் நுங்கராயி, வெளியே போய் வாதி பேரை மூணு தடவை கூப்பிடுங்க. முறைன்னு ஒண்ணு இருக்கு.”

“ஐயா, அவங்க என் முன்னாலதான்...”

“கூப்பிடுங்க.”

எதிரில் உட்கார்ந்திருப்பவளை விட்டுவிட்டு நான் வெராண்டாவுக்குப் போனேன். வெறும் ரோட்டைப் பார்த்து, “டல்சி நங்கலா!” என்று கத்தினேன். பெட்ரோல் பம்ப் பக்கம் இருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பார்த்தார்கள். இரண்டாம் தடவை கத்தினேன். வெட்கமும் கோபமும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாம் தடவை கத்தியதும் பின்னால், அறைக்குள்ளிருந்து, ஆண் குரல் வந்தது.

“யாரு அது? மெதுவா வாங்க.”

ஓடினேன். ஸ்பீக்கரிலிருந்து அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். அண்ணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டியிருந்தாள்.

“யார் பேசறது? உங்க பேரைச் சொல்லுங்க” என்றார் நீதிபதி.

குரல் பெயரைச் சொன்னது. எங்கள் ஊரில் அடக்கிவைத்திருந்த பெயர், அந்தச் சின்ன அறையில் முழுசாக விழுந்தது. கம்பெனி தரப்பில் லைனில் இருந்த பான்ஃபீல்டு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று போன் பேசுகிறார், எவனோ பொத்தானை அழுத்திவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன். ஆனால் குரல் நிற்கவில்லை. எங்கள் பாஷையில், பதிவில் இல்லாத வார்த்தைகளைச் சொன்னது.

“அவ இங்கதான் இருக்கா. எனக்காகத்தான் பேசாம இருக்கா. யாராவது பதில் சொல்லுங்கப்பா, நான் எவ்வளவு நேரம் கூப்பிடறது?”

நீதிபதிக்கு ஒன்றும் புரியவில்லை. “ஐயா, நீங்க இந்த வழக்குல தரப்பு இல்லை. நீங்க பேச அனுமதி இல்லை” என்றார், மரியாதையாகத்தான். பிறகு எழுதச் சொன்னார்: வாதி அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை. வழக்கை நடத்தாததால் தள்ளுபடி. திரும்ப எடுக்க விரும்பினால் மனுப் போடலாம்.

பான்ஃபீல்டை நான் அன்றே போனில் பிடித்தேன். அவர் ஆலிஸில், பல் டாக்டர் வாசலில் நின்று பேசினாராம். சுனைக்கு அன்று விடுமுறையாம். பொய் சொல்லும் குரல் அவருக்கு உண்டு, நான் கேட்டிருக்கிறேன். அது அன்று இல்லை.

மனுவை எழுதி அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், அண்ணி என் டொயோட்டாவில் ஏறி உட்கார்ந்திருந்தாள். சுனைக்குப் போ என்று கை காட்டினாள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. கம்பத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவள் பொத்தானைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. எங்கள் காலடி கேட்டதுபோல அதுவே தொடங்கியது. யாரு அது, நான்தான், நீங்க யாரு, பேரைச் சொல்லுங்க. எத்தனை வெள்ளைக்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்! ஒருவர்கூடப் பெயர் சொன்னதில்லை. வெறும் பதிவுதானே, அதற்கு எதற்குப் பதில் என்று நாங்களும் சொன்னதில்லை.

அண்ணி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன், வேண்டாம் என்றேன். உதறிவிட்டாள். இத்தனை காலம் மூடியிருந்த தொண்டை, துருப்பிடித்த கேட் மாதிரி முதலில் கிறீச்சிட்டது.

“நான்தான். டல்சி. கேட்டுருச்சு கிழவா, நல்லாவே கேட்டுருச்சு. போதும் கூப்பிட்டது. போ.”

குரல் பாதியில் நின்றது. தண்ணீர்ப் பக்கம் யாரோ மூச்சை இழுத்து விட்ட மாதிரி ஒரு சத்தம். பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் போயின. அதற்குப் பின் அங்கே இருந்த அமைதியில் என் காது வலித்தது.

கம்பம் அன்றோடு செத்தது. ஆள் வந்து பேட்டரி மாற்றினான், ஸ்பீக்கர் மாற்றினான், பயனில்லை. சின்னவர் சந்தோஷமாக வந்தார். ரொட்டியைத் தொட்டு அண்ணியின் உதட்டில் வைத்தார். “பேசு அண்ணி, முதல்ல யாரைத் திட்டப்போற?” என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் சிரித்தபடி காத்திருந்தோம். அவள் வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. மறுபடி முயன்றாள். அவள் முகத்தில் வந்த பயத்தை நான் மறக்க மாட்டேன். ஆலிஸில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் குரல் இல்லை என்றார்.

நான் அழுதேன். ஆனால் என் புத்தி எப்படிப்பட்டது பாருங்கள். அழுகைக்கு நடுவிலேயே டாக்டரிடம் தாள் கேட்டேன். ஏனென்றால் பான்ஃபீல்டு புதுக் கம்பம் வாங்கிவிட்டார், குளிர்காலம் தொடங்குமுன் நடப்போகிறார். பதிவின் பிரதி கம்பெனியில் பத்திரமாக இருக்கிறதாம். அதை நட்டால் போனவரைத் திரும்பப் பிடித்துக் கட்டிவைத்ததாகும். வழக்கை உயிர்ப்பிக்காமல் அதைத் தடுக்க முடியாது. இப்போது அண்ணி பேசக்கூடாதவள் இல்லை, பேச முடியாதவள். சட்டத்தில் அவளுக்கு வழி வந்துவிட்டது. சான்றிதழை நீதிபதிக்கு முன்கூட்டியே அனுப்பினேன்.

மனு விசாரணைக்கு வந்தது. அண்ணி வெள்ளையைக் கழுவிவிட்டு, பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். நான் லைனைப் போட்டேன்.

“சான்றிதழைப் பாத்தேன். வருத்தமா இருக்கு” என்றார் நீதிபதி. “இந்த மனுவை இன்னைக்கே ஏத்துக்கத் தயாரா இருக்கேன். பதிவுக்காக மட்டும் கேக்கறேன். வாதி இருக்காங்களா?”

நான் ‘இருக்காங்க’ என்று சொல்ல வாயெடுத்தேன். சான்றிதழ் இருந்ததால் இந்தத் தடவை அவளுக்காகப் பேச எனக்கு அனுமதி இருந்தது.

“இருக்கேன் ஐயா.”

ஸ்பீக்கரிலிருந்து வந்தது. டல்சி அண்ணியின் குரல். கிறீச்சிட்ட அந்தக் குரல் இல்லை. கல்யாணமான புதிதில் அடுப்படியிலிருந்து என்னை அதட்டுவாளே, அந்தக் குரல். எதிரே அண்ணி உதட்டை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். மேஜையில் இருந்த அவள் கைகள் அசையவில்லை.

“ஓ! பேச முடியுதா? நல்லது, ரொம்ப நல்லது” என்றார் நீதிபதி. அவர் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. “சொல்லுங்கம்மா, வழக்கை நடத்த விரும்பறீங்களா?”

“வேண்டாம் ஐயா. அவரு தனியாப் போகப் பயந்தாரு. நான் கூடவே வந்துட்டேன். இனிமே யாரு கூப்பிட்டாலும் நாங்க வர மாட்டோம்.”

இங்கிலீஷில்தான் சொன்னது, நீதிபதிக்குப் புரியும்படி. அவர் அதை எப்படிப் புரிந்துகொண்டாரோ! ஊரைவிட்டுப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

“அப்படின்னா வாபஸ் வாங்கறீங்க. சரிம்மா. வாதி நேரில் ஆஜராகி வழக்கைத் திரும்பப் பெற்றார்னு பதிவு பண்றேன்.”

“ஐயா, நில்லுங்க! அது அவங்க இல்லை!” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணி என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். ஸ்பீக்கரைக் காட்டி அவள் விரல்கள் வேகமாக ஓடின. கேள், கேள், அவளிடம் கேள் என்றன. என்ன கேட்கச் சொல்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆயிற்று. அவர் நன்றாக இருக்கிறாரா என்று கேட்கச் சொன்னாள்.

“அண்ணி, அண்ணன் நல்லா இருக்காரா?” என்று நான் போனைப் பார்த்துக் கத்தினேன்.

லைன் துண்டாகிவிட்டது. நான் மறுபடி மறுபடி அழுத்தினேன். எதிரே அவள் கை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தது.